ஓர்கிட் எடுக்க முதல் உங்கள் பெயரைத் தீர்மானியுங்கள்

கேள்வி கேட்டவரை யாழினி என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் இங்கே தேவையில்லை. புவியியலில் முதுதத்துவமாணி செய்கிறார், வலிகாமத்துக் கிணற்று நீர் பற்றி. முதல் கட்டுரையை ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பப் போனால் படிவத்தில் ஓர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவரையும் அடையாளம் காட்டும் எண்) கேட்கிறார்களாம், ஸ்கோபஸ் எண் கேட்கிறார்களாம். துறையில் ஒருவர் சொல்லி மெண்டலியில் இருநூறு கட்டுரை போட்டுவிட்டார், இன்னொருவர் பென் டிரைவில் என்ட்நோட் தருகிறேன் என்கிறார், இரண்டும் உசாத்துணைகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் மென்பொருள்கள். உசாத்துணைப் பட்டியலில் பாதி தமிழ், அதிலும் பாதி பழைய நூல்கள். "எதிலிருந்து தொடங்குவது, எதற்குக் காசு கட்ட வேண்டும், கலியாணத்துக்குப் பிறகு பெயர் மாறினால் என்ன செய்வது?" இவ்வளவும்தான் கேள்வி.

தங்கச்சி, கருவியிலிருந்து தொடங்காதீர்கள். பெயரிலிருந்து தொடங்குங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், என்னுடைய அப்பா உரும்பிராயில் வெங்காயம் செய்தவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், அவர் இன்றைக்கு ஒரு மாநாட்டுத் தொகுப்பில் கட்டுரை ஆசிரியர். நான் என் பெயரை எங்கள் வழக்கப்படி அப்பா பெயர் முன்னுக்கு, என் பெயர் பின்னுக்கு என்று எழுதிக் கொடுத்தேன். படிவத்தை நிரப்பியவர் முதலில் இருந்ததைக் குடும்பப் பெயர் என்று எடுத்து, என் பெயரை ஒரேயொரு எழுத்தாகச் சுருக்கிவிட்டார். திருத்தச் சொல்லி இரண்டு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. அதற்குப் பிறகு யாரோ ஒருவர் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தார், அப்பாவின் பெயரில்தான். வீட்டில் சொன்னபோது, "சம்பளம் ஏதும் அனுப்புவாங்களோ?" என்று கேட்டார்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பது இந்தக் கருவிகள் எதற்கும் தெரியாது. யாழினி என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுகிறார், ஒருவர் வெறும் எல் போடுகிறார். அப்பா இராசரத்தினம் என்றால் கேட்கவே வேண்டாம், முன்னுக்கு ஐ வருமா வராதா, நடுவில் எஸ்-ஆ ஜே-யா, முடிவில் 'ரட்னமா' 'ரத்தினமா' என்று எட்டுப் பத்து விதம் போகும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, கடவுச்சீட்டில் இன்னொன்று. பட்டச் சான்றிதழ் வந்தபோது அதில் நாலாவது. வெள்ளைக்காரனுக்கு ஒரு பெயரில் நூறு பேர் என்பதுதான் பிரச்சினை, எங்களுக்கு ஒரு ஆளுக்கே ஐந்து பெயர்.

ஆகவே இன்றைக்கே ஒரு துண்டில் எழுதுங்கள்: கட்டுரைகளில் என் பெயர் இப்படித்தான் வரும், இந்த எழுத்துக்கூட்டல், இந்த ஒழுங்கு, முதலெழுத்து இருக்கும் அல்லது இருக்காது. கடவுச்சீட்டில் உள்ளதோடு ஒத்துப்போனால் வெளிநாட்டு மாநாடு, விசா அலுவல்களில் கரைச்சல் குறையும், ஆனால் அது கட்டாயமில்லை. கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்ப்பது உங்கள் விருப்பம், வீட்டில், வங்கியில் எப்படியும் எழுதுங்கள், கட்டுரையில் மட்டும் முதல் கட்டுரையில் வந்த பெயரையே கடைசிவரை வைத்திருங்கள் என்பது என்னுடைய அபிப்பிராயம். மாற்றத்தான் வேண்டுமென்றாலும் பரவாயில்லை, அதற்குத்தான் ஓர்கிட் இருக்கிறது.

சரி, ஓர்கிட். 2012 ஒக்டோபரில் தொடங்கியது, இலாப நோக்கமில்லாத அமைப்பு, பல்கலைக்கழகங்களும் பதிப்பகங்களும் கட்டும் சந்தாவில் ஓடுகிறது, ஆளுக்கு இலவசம். பதினாறு இலக்கம், நான்கு நான்காகப் பிரித்து எழுதுவார்கள். கடைசி இலக்கம் சும்மா வருவதில்லை, அது மற்றப் பதினைந்தையும் காவல் காப்பது. அவர்களுடைய மாதிரிப் பதிவில் ஜோசையா கார்பெரி என்றொரு பேராசிரியர் இருக்கிறார், அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகத்தில் 1929இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் பகிடி, அப்படி ஒரு ஆள் இல்லவே இல்லை, வெடித்த பானைகளை ஆராய்கிறவராம். அவருடைய எண் 0000-0002-1825-0097. இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாகக் கூட்டி, கூட்டியதை இரண்டால் பெருக்கி, அதோடு அடுத்த இலக்கத்தைக் கூட்டி மறுபடி பெருக்கி என்று பதினைந்தாவது இலக்கமான 9 வரை போனால் 1314 வரும். அதை 11ஆல் வகுக்க மீதி 5. 12இலிருந்து 5ஐக் கழித்தால் 7, அதுதான் கடைசி இலக்கம். ஒரு இலக்கத்தை மாற்றி ரைப் பண்ணிப் பாருங்கள், கணக்குப் பிழைக்கும், படிவம் ஏற்காது. விடை 10 வந்தால் எக்ஸ் என்ற எழுத்தைப் போடுவார்கள், அதனால் உங்கள் எண் எக்ஸில் முடிந்தால் எழுத்துப்பிழை என்று பயப்பட வேண்டாம்.

பதியும்போது நாலு விஷயத்தை வடிவாகப் பாருங்கள். இயற்பெயர்ப் பெட்டிதான் கட்டாயம், குடும்பப் பெயர்ப் பெட்டியை வெறுமையாக விடலாம், எங்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் சஞ்சிகைகளின் படிவங்கள் பெரும்பாலும் இரண்டையும் கேட்கும், ஆகவே நான் சொல்வது: உங்கள் பெயர் குடும்பப் பெயர்ப் பெட்டியில், அப்பாவின் பெயர் அல்லது அதன் முதலெழுத்து இயற்பெயர்ப் பெட்டியில். தலைகீழாக இருக்கிறது என்று தோன்றும், தலைகீழ்தான், ஆனால் மேற்கோளில் "யாழினி, 2025" என்று வர வேண்டுமா, "இராசரத்தினம், 2025" என்று வர வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். இரண்டில் எதையும் தெரிவு செய்யலாம், அப்பா பெயரில் வருவது பெருமை என்கிறவர்களும் உண்டு, அப்பா-மகள் கதையில் நான் தலையிடவில்லை. ஒருதரம் தெரிவு செய்தால் மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம், "இப்படியும் அறியப்படுபவர்" என்றொரு இடம் உண்டு. எல்லா எழுத்துக்கூட்டலையும் அங்கே போடுங்கள், தமிழ் எழுத்திலும் போடுங்கள், கலியாணத்துக்குப் பிந்திய பெயரையும் பிறகு அங்கேயே சேர்க்கலாம். மின்னஞ்சல் இரண்டு கொடுங்கள், கம்பஸ் மின்னஞ்சலை மட்டும் கொடுத்துவிட்டுப் பட்டம் முடிந்து வெளியேறிய பிறகு கடவுச்சொல் மறந்து தவிக்கிற பிள்ளைகளை ஒவ்வொரு வருஷமும் காண்கிறேன். தவித்து என்ன செய்கிறார்கள், புதிதாக இன்னொரு எண் எடுக்கிறார்கள். ஒரு ஆளுக்கு ஒரு எண் என்பதுதான் இதன் முழு நோக்கமே. இரண்டு எடுத்துவிட்டால், வைத்திருக்கப் போகிற கணக்குக்குள் நுழைந்து, அமைப்புகளில் இரட்டைப் பதிவை நீக்கும் வழியைப் பாவியுங்கள், பழைய எண் அழியாது, அதைத் தேடுகிறவர் புதியதற்குப் போய்ச் சேர்வார்.

கட்டுரைகளைக் கையால் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியதில்லை. அனுப்பும்போதே எண்ணைக் கொடுத்து, குறொஸ்ரெஃப் என்ற அமைப்புக்கு ஒருதரம் அனுமதி கொடுத்துவிட்டால், டிஓஐ எண்ணோடு (கட்டுரைக்கென்று இணையத்தில் கொடுக்கும் நிலையான எண்) கட்டுரை வெளிவந்ததும் உங்கள் பதிவில் தானாக வந்து சேரும். டிஓஐ இல்லாத எங்கள் ஊர்ச் சஞ்சிகைகளைக் கையால்தான் போட வேண்டும்.

இன்னொன்று, ஓர்கிட் ஒரு தகைமை இல்லை. சுயவிபரக் கோவையில் பட்டங்களுக்குக் கீழே அதைப் போட்டுப் பெருமைப்படுகிறார்கள், அது அடையாள அட்டை இலக்கம் மாதிரி, எழுதிய எவரும் எடுக்கலாம், எழுதாதவரும் எடுக்கலாம்.

ஸ்கோபஸ் எண் நீங்கள் விண்ணப்பித்து எடுப்பதில்லை. எல்சவியர் என்ற பதிப்பு நிறுவனத்தின் கட்டுரைத் தரவுத்தளம் அது, அவர்கள் சேர்க்கும் சஞ்சிகையில் உங்கள் கட்டுரை வந்தால் கணினியே ஒரு எண் போட்டுவிடும். ஆகவே முதல் கட்டுரைக்காரருக்கு அந்தப் பெட்டி வெறுமைதான், விட்டுவிடுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது. பின்னுக்குப் பெயர் மாறி மாறி வந்தால் கணினி உங்களை இரண்டு ஆளாக்கிவிடும், சேர்த்துவிடச் சொல்லி இலவசமாகவே கேட்கலாம். வெப் ஒஃப் சயன்ஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் ரிசேர்ச்சர் ஐடியும் ஆய்வாளர் எண்தான், எழுத்தும் எண்ணும் கலந்தது, கடைசி நான்கு இலக்கம் பதிந்த ஆண்டு. கேட்டால் எடுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள். கூகிள் ஸ்கொலர் பக்கம் மட்டும் ஒன்று திறந்து வையுங்கள், அதில் கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்தி, "முதலில் என்னிடம் கேள்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் அதே பெயரில் தமிழ்நாட்டில் இருதய சத்திரசிகிச்சை செய்யும் ஒருவரின் கட்டுரைகள் உங்கள் கிணறுகளுக்குள் வந்து விழும், பார்க்கிறவர் நீங்கள் திருடியதாகத்தான் நினைப்பார்.

இனி மேற்கோள் கருவி. நான் சொல்வது சொட்டேரோ, சுற்றி வளைக்கவில்லை. 2006இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறைக்காரர்கள் தொடங்கியது, திறந்த மூலம், இலவசம். வரலாற்றுக்காரர் செய்தபடியால் பழைய நூல், பத்திரிகை, கையெழுத்துப் பிரதி, நேர்காணல் எல்லாவற்றுக்கும் அதில் இடமிருக்கிறது, எங்களுக்கு அதுதானே தேவை. காசு எங்கே வருமென்றால், பிடிஎஃப் கோப்புகளை அவர்களுடைய சேமிப்பில் வைத்தால் 300 மெகாபைட் வரை இலவசம், 2 கிகாபைட்டுக்கு வருஷம் 20 டொலர். நான் கட்டுவதில்லை. விபரங்கள் மட்டும் ஒத்திசைவதற்கு எல்லை கிடையாது, கோப்புகளை என் கணினியில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையில் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுக்கிறேன். சொட்டேரோவின் கோப்புறையை மட்டும் டிரொப்பொக்ஸ், ஒன்டிரைவ் போன்றவற்றுக்குள் வைத்து ஓடவிடாதீர்கள், தரவுத்தளம் பழுதாகும்.

மெண்டலி கெட்டதில்லை, 2 கிகாபைட் சும்மா தருகிறது. ஆனால் 2013இல் எல்சவியர் அதை வாங்கியது, 2021இல் கைபேசிச் செயலியை நிறுத்தினார்கள், 2022இல் பழைய டெஸ்க்டொப் பதிப்பின் பதிவிறக்கத்தை நிறுத்தினார்கள். ஐந்து வருஷ ஆய்வை அப்படிப்பட்ட வீட்டில் வாடகைக்கு வைக்க எனக்கு மனமில்லை. என்ட்நோட் காசுக்குரியது, பென் டிரைவில் வருகிற கள்ளப் பிரதியை வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், வைரசோடுதான் வரும். லாடெக் என்ற ஆவண மென்பொருளில் எழுதுகிற கணித, பௌதிகப் பிள்ளைகளுக்கு ஜப்ரெஃப் என்ற கருவி போதும், உங்களுக்கு அது வேண்டாம்.

சொட்டேரோவில் ஆங்கிலக் கட்டுரை சேர்ப்பது விளையாட்டு. மந்திரக்கோல் மாதிரி ஒரு பொத்தான் உண்டு, டிஓஐ அல்லது ஐஎஸ்பிஎன் எண்ணைப் போட்டால் மிச்சத்தை அது கொண்டுவரும். கொண்டுவந்ததை நம்பாதீர்கள். எங்கள் ஆட்களின் பெயர் தலைகீழாகத்தான் வரும், ஒவ்வொன்றாகப் பாருங்கள், இதில் சுணங்குவதற்குப் பலன் உண்டு. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் உங்கள் சேகரத்தில் இருந்தால் சிவப்புக் கோட்டோடு எச்சரிக்கும், 2019இலிருந்து இந்த வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது.

தமிழ் நூல்களுக்கு வருவோம், கரைச்சல் முழுக்க இங்கேதான்.

பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியை எடுங்கள். சிவத்தம்பி என்பது அவர் பெயர், கார்த்திகேசு தகப்பனார். குடும்பப் பெயர்ப் பெட்டியில் சிவத்தம்பி, மற்றதில் "கா." என்று நீங்களே சுருக்கிப் போடுங்கள், தமிழ் எழுத்தைச் சுருக்கும் வேலையைக் கருவியிடம் விட்டால் காவின் காலை வெட்டிவிட்டு "க." என்று கொடுக்கலாம். பெயரை ஒரே பெட்டியில் எழுதும் வசதியும் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் "கா. சிவத்தம்பி" என்று அதில் போட்டால் பட்டியலில் அவர் சகரத்தில் வராமல் ககரத்தில் போய் உட்காருவார். ஒற்றைப் பெட்டி நிறுவனங்களுக்கானது. உலக சுகாதார நிறுவனத்தை இரண்டு பெட்டியில் பிரித்துப் போட்டுவிட்டு, "நிறுவனம், உ. சு." என்ற ஆசிரியரோடு ஆய்வேடு கொடுத்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன், சிரிக்காதீர்கள், ஆங்கிலத்தில் இதே பிழையோடு அச்சேறிய கட்டுரைகள் எத்தனையோ.

அடுத்தது பாமினி. எங்கள் ஊரில் பழைய ஆய்வேடுகளில் முக்கால்வாசி பாமினி எழுத்துருவில் ரைப் பண்ணியது. அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு இல்லை. "அம்மா" என்று திரையில் தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான், மேலே தமிழ் உடுப்புப் போட்டிருக்கிறது. அதைப் பிரதிசெய்து சொட்டேரோவில் ஒட்டினால் உடுப்பைக் கழற்றிவிட்டு வரும், தேடினால் அகப்படாது, பட்டியலில் ஆங்கில எம்மில் போய் நிற்கும். இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் இலவசமாக இருக்கின்றன, மாற்றி, ஒருதரம் வாசித்து, அதன்பிறகு ஒட்டுங்கள். யூனிகோட் என்றாலும் அகரவரிசையைக் கண்ணால் பாருங்கள். யூனிகோட் எண் வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னுக்கும் நிற்கின்றன, அது எங்கள் நெடுங்கணக்கு வரிசையில்லை, மென்பொருள் எதைப் பின்பற்றியது என்பது பட்டியலைப் பார்த்தால்தான் விளங்கும்.

பழைய நூல்களில் ஆண்டு இன்னொரு தலையிடி. முகப்பில் "குரோதி வருடம் ஆனி மாதம்" என்று மட்டும் இருக்கும். அறுபது வருஷச் சுற்று, குரோதி கடைசியாக வந்தது 2024 சித்திரையில், அதற்கு முன் 1964, அதற்கு முன் 1904. தாள், அச்சகம், விலை ரூபாயில் போட்டிருக்கிறதா சதத்திலா, இவற்றைப் பார்த்தால் எந்தச் சுற்று என்று பிடித்துவிடலாம். திகதிப் பெட்டியில் ஆங்கில ஆண்டைப் போடுங்கள், மேலதிக விபரப் பெட்டியில் தமிழ் வருடத்தை எழுதிவையுங்கள், நாளைக்கு யாராவது கேட்டால் கையில் இருக்கும். நூலைப் படித்தது நூலகம் இணையத்தளத்தில் என்றால் (2005இலிருந்து எங்கள் நூல்களை அங்கே ஏற்றுகிறார்கள்) பக்கத்தில் இருக்கும் நூலக எண்ணை ஆவணக் காப்பகம் என்ற பெட்டியில் குறியுங்கள், இணைய முகவரி மாறினாலும் எண் மாறாது.

இதோடு ஒன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது 97,000 அளவில் நூல்கள் போயின. அதில் சில வேறெங்கும் இல்லை, யாரோ ஒருவருடைய உசாத்துணைப் பட்டியலில் ஒரு வரியாக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அந்த வரியை நீங்கள் காணும்போது, நூலையே கண்டதுபோல உங்கள் பட்டியலில் எழுதாதீர்கள். யாருடைய நூலில் பார்த்தீர்களோ அவரைப் பட்டியலில் போட்டு, கட்டுரைக்குள் "இன்னாரால் எடுத்தாளப்பட்டது" என்று சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத நூலுக்கும் டிஓஐ போட்டுக் கொடுக்கிற காலம் இது, அப்படி வந்த எந்த எண்ணையும் டிஓஐ தளத்தில் போட்டுத் திறந்து பார்க்காமல் சேர்க்கக் கூடாது.

மேற்கோள் பாணி: துறையில் "ஹாவார்ட்" என்பார்கள். ஹாவார்ட் என்று ஒரே பாணி கிடையாது, சொட்டேரோவிலேயே அந்தப் பெயரில் பல இருக்கின்றன, மொத்தப் பாணிகள் பத்தாயிரத்துக்கு மேல். போன வருஷம் உங்கள் துறையில் ஏற்றுக்கொண்ட ஆய்வேடு ஒன்றை வாங்கி, அதற்குக் கிட்டவாக இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். தமிழில் எழுதும் அத்தியாயத்தில் "மற்றும் பலர்", "பதிப்பாசிரியர்" வர வேண்டிய இடத்தில் ஆங்கிலம் வந்து நிற்கும். அதை நடுவில் திருத்தப் போகாதீர்கள், புதுப்பித்தவுடன் திரும்ப வரும். எல்லாம் முடிந்த பிறகு கோப்பில் ஒரு பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் சொட்டேரோவோடு உள்ள இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரே இருப்பில் மாற்றுங்கள். சுப்பர்வைசருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் அனுப்புங்கள், இல்லாவிட்டால் சேர் மேற்கோளுக்குள் நேரே கைவைத்துத் திருத்துவார், பிறகு எது அவர் திருத்தியது எது கருவி மாற்றியது என்று ஒருவருக்கும் தெரியாது.

மெண்டலியில் ஏற்கனவே இருநூறு கட்டுரை போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். சொட்டேரோவின் இறக்குமதிப் பட்டியலில் மெண்டலி என்றே இருக்கிறது, கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் கோப்புறைகளோடு இழுத்துவரும். இரண்டாம் அத்தியாயம் எழுதத் தொடங்க முதல் அதைச் செய்துவிடுங்கள், ஒரு பின்னேரம் போதும், கரண்ட் இருந்தால்.